கவுனி நெல்லும் மெத்தில் குறியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிர் மரபியலுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களின் நெல் வகைகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் மரபணு வேறுபாட்டையும் டி.என்.ஏ. மெத்திலேற்றத்தையும் சேர்த்து ஆராய விரும்பும் மாணவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். நானும் என் வயதொத்தவர்களும் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை, வரிசைகூட மாறாமல் செய்கிறார்கள். மாதிரிக் குழாயில் பெயர் எழுத மறப்பது, உறைபெட்டியைச் சரியாக மூடாமல் விடுவது போன்றவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவை இரண்டு முறை திட்டு வாங்கினால் தாமாகச் சரியாகிவிடும். சரியாகாமல் ஆய்வேடு வரைக்கும் போய்ச் சேருகிறவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். டி.என்.ஏ. என்பது 'ஏ', 'சி', 'ஜி', 'டி' என்ற நான்கு வேதி எழுத்துகளின் வரிசை. ஒரு செடியின் இயல்பு மாறுவதற்கு அந்த எழுத்தே மாறியிருக்கலாம்: ஓர் எழுத்து வேறாகலாம், ஒரு துண்டு காணாமல் போகலாம், எங்கிருந்தோ ஒரு துண்டு வந்து நுழையலாம். அல்லது எழுத்து அப்படியே இருக்க, சைட்டோசின் என்னும் 'சி' எழுத்தின் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குறி ஏறியிருக்கலாம், இறங்கியிருக்கலாம். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதலாவது, அந்த வீட்டில் அந்த அறையே கட்டப்படவில்லை என்பது. இரண்டாவது, அறை இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது என்பது. தெருவில் நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பெயரை விதை என்று நம்புவது

'கவுனி' என்பது இங்கே கறுப்பு அரிசி தரும் நெல்லுக்கு வழங்கும் ஒரு பெயர். அது ஒரு மரபணு அமைப்பு அல்ல. நகரத்தார் பர்மாவிலிருந்து கொண்டுவந்தது என்று இங்கே சொல்வார்கள்; கல்யாண வீட்டில் கவுனி அரிசி இனிப்பு இல்லாமல் பந்தி நிறையாது. ஆனால் கடையில் வாங்கிய கவுனியும், மரபு விதைத் திருவிழாவில் கைமாறிய கவுனியும், சிங்கம்புணரிப் பக்கம் ஒருவர் தம் வயலில் காத்துவரும் கவுனியும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அப்படி ஒரு வயலுக்கு மாணவர் ஒருவரை அழைத்துப் போனபோது, வயல்காரரே கதிரைக் கையில் பிடித்துக் காட்டினார்: "தம்பி, இதில் இரண்டு விதம் கலந்திருக்கிறது. இது மீசை உள்ளது, இது மீசை இல்லாதது. உங்களுக்கு எது வேண்டும்?" மாணவர் இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

ஒரு செடியைத் தேர்ந்தெடுங்கள். அதன் விதையை மட்டும் தனியே விதைத்து, இரண்டு தலைமுறை தனிச்செடியாகவே எடுத்து வாருங்கள். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் இது கடினமான வேலை அல்ல. பொறுமைதான் வேண்டும்.

இலையை அரைத்துவிட்டு மணியைப் பற்றிப் பேசுவது

டி.என்.ஏ.வின் எழுத்து இலையிலும் வேரிலும் ஒன்றுதான். மெத்தில் குறி அப்படியல்ல. திசுவுக்குத் திசு மாறும். இதை எல்லோரும் படித்திருக்கிறார்கள், தேர்விலும் எழுதியிருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் இளம் இலையைப் பறிப்பது எளிது என்பதால் இலையைப் பறித்து, கடைசி அத்தியாயத்தில் மணியின் நிறத்துக்கும் மாவுச்சத்துக்கும் காரணம் சொல்கிறார்கள்.

நெல்மணிக்குள்ளேயே மூன்று கதைகள் இருக்கின்றன. கரு ஒன்று. நாம் சோறாக உண்ணும் முளைசூழ்தசை இன்னொன்று: அதில் தாயின் பங்கு இரண்டும் தந்தையின் பங்கு ஒன்றுமாக மூன்று படி குரோமோசோம்கள் இருக்கும், தாய்வழி டி.என்.ஏ.வில் பல இடங்களில் கருவுறுதலுக்கு முன்பே மெத்தில் குறி கழற்றப்பட்டிருக்கும். மூன்றாவது, வெளியே போர்த்தியிருக்கும் கனித்தோல். கவுனியின் கறுப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது; நன்றாகத் தீட்டினால் போய்விடும். நிறத்துக்குக் காரணம் தேடுகிறவர், பால் பிடிக்கும் பருவத்தில் அந்தத் தோலைத்தான் உரித்தெடுக்க வேண்டும். கை வலிக்கத்தான் செய்யும்.

நிறத்தை ஒரு தலைமுறை முன்னதாக எண்ணுவது

கனித்தோல் தாய்ச்செடியின் திசு. ஆகவே முதல் கலப்புச் செடியில் விளைந்த மணிகள் எல்லாம் ஒரே நிறத்தில்தான் இருக்கும். அவற்றை விதைத்து, அந்தச் செடிகள் கதிர் தள்ளிய பிறகுதான் நிறம் பிரியும்.

எழுத்து மாறியதை மெத்தில் மாறியதாக வாசிப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தரும் தவறு இதுதான். பணத்தைத் தின்னும், பருவத்தைத் தின்னும், எல்லாம் போக அழகான படங்களோடு கட்டுரையாகவும் வெளிவந்துவிடும்.

மெத்தில் குறியைக் கண்டுபிடிக்கப் பரவலாகப் பயன்படும் முறை பைசல்ஃபைட் முறை. டி.என்.ஏ.வைப் பைசல்ஃபைட்டில் ஊறவைத்தால், குறி இல்லாத 'சி' யுராசிலாக மாறி, வாசிக்கும்போது 'டி' என்று தெரியும். குறி உள்ள 'சி' மாறாமல் 'சி' என்றே தெரியும். பிறகு கணினி, ஏற்கெனவே வாசித்து வைத்திருக்கும் மேற்கோள் மரபணுத்தொகுதியோடு ஒப்பிடுகிறது. மேற்கோளில் 'சி' உள்ள இடத்தில் நம் செடியில் 'சி' வந்தால் மெத்தில் உண்டு. 'டி' வந்தால் மெத்தில் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் நம் செடியில் அந்த இடத்தில் பிறவியிலேயே 'டி' இருந்தால்?

அப்போதும் 'டி' என்றுதான் வரும். கணினி தயங்காமல் 'இங்கே மெத்தில் இல்லை' என்று எழுதிவிடும். இல்லாத எழுத்தின் மேல் இல்லாத குறியைத் தேடி, 'கழன்றுவிட்டது' என்று அறிக்கை தரும்.

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி கவுனியையும் வெள்ளைப் பொன்னியையும் ஒப்பிட்டிருந்தார். வரிசையாக்கம், அதாவது டி.என்.ஏ. எழுத்துகளை வாசிக்கும் வேலையை, செய்து தந்த நிறுவனம் வண்ணப் படங்களோடு அறிக்கை அனுப்பியிருந்தது. பல்லாயிரக்கணக்கான இடங்களில் மெத்தில் வேறுபாடு. அதில் சில, நிறத்தோடு தொடர்புள்ள மரபணு ஒன்றின் அருகில். மாணவிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "ஐயா, மெத்தில் கழன்றதால்தான் கவுனி கறுப்பாகியிருக்கிறது" என்றார். அத்தியாயத்துக்குத் தலைப்புகூட வைத்துவிட்டார்.

"அம்மா, அந்த இடங்களில் கவுனிக்கு 'சி' இருக்கிறதா?"

"இருக்குமே, ஐயா. மேற்கோளில் இருக்கிறதே."

மேற்கோள் என்பது நிப்பான்பாரே. 2005-இல் முழுமையாக வெளியிடப்பட்ட ஜப்பானிய நெல். அதன் எழுத்து ஒவ்வொன்றும் கவுனியிலும் பொன்னியிலும் அப்படியே இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. நெல் வகைகளுக்கிடையே ஓரெழுத்து வேறுபாடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. 3,000 நெல் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வு 2018-இல் வெளிவந்தபோது அவை கோடிக்கணக்கில் தேறின.

இதில் ஒரு கூடுதல் சூழ்ச்சி இருக்கிறது. பலர் இதை அறிவதில்லை என்பதுதான் என் எரிச்சலின் பாதி. மெத்தில் ஏறிய 'சி' காலப்போக்கில் தன் அமைன் என்ற வேதிப்பகுதியை இழந்தால் நேராக 'டி' ஆகிவிடும். குறி இல்லாத 'சி' அப்படிச் சிதைந்தால் யுராசிலாகும், அது டி.என்.ஏ.வில் இருக்கக்கூடாத எழுத்து என்பதால் செல்லின் பழுதுபார்க்கும் நொதிகள் எளிதில் பிடித்துவிடும். 'டி'யோ டி.என்.ஏ.வின் சொந்த எழுத்து. பல வேளைகளில் தப்பிவிடும். ஆகவே தலைமுறை தலைமுறையாக 'சி' 'டி'யாக மாறுவது, மெத்தில் மிகுந்த இடங்களிலேயே அதிகம் நடக்கிறது. பயிர்களில் அத்தகைய இடங்கள் பெரும்பாலும் தாவும் மரபணுக்கூறுகளும் (இடம் விட்டு இடம் போய் நுழையும் டி.என்.ஏ. துண்டுகள்) அவற்றின் சுற்றுப்புறமும். விளைவு என்ன? பொய்யான வேறுபாடுகள் எல்லாம் மெத்தில் வேறுபாடு இருக்கவேண்டும் என்று பாடநூல் சொல்லும் இடங்களிலேயே போய்க் குவிகின்றன. சிதறிக் கிடந்தாலாவது சந்தேகம் வரும். குவிந்து கிடப்பதைப் பார்த்ததும் 'தாவும் கூறுகளில் மெத்தில் மாற்றம்' என்று ஒரு பத்தி எழுதத் தோன்றிவிடுகிறது.

'சி'க்கு அடுத்து வரும் 'ஜி' மாறினாலும் சிக்கல்தான். 'சிஜி' என்ற இணையில் மெத்திலைத் தக்கவைக்கும் நொதி வேறு, மற்ற சூழல்களில் வேலை செய்யும் நொதிகள் வேறு. 'சிஜி' 'சிஏ' ஆகிவிட்டால் அங்கே குறி குறைவது இயல்பு. கணினி அதையும் 'சிஜி'யில் மெத்தில் இழப்பு என்று மேற்கோளைப் பார்த்தே எழுதும். கலப்பின நிலையில், ஒரு படியில் 'சி', மறு படியில் 'டி' இருந்தால் 'ஐம்பது விழுக்காடு மெத்தில்' என்று வரும். முன்னே சொன்ன, ஒரே பையில் போட்ட கவுனியும் இதையே செய்யும்.

கண்டுபிடிக்க வழி உண்டு, அது அந்தத் தரவுக்குள்ளேயே இருக்கிறது. பைசல்ஃபைட் இரு இழைகளையும் தனித்தனியாக மாற்றுகிறது. ஓர் இழையில் உண்மையிலேயே 'சி' இருந்தால் எதிர் இழையில் 'ஜி' இருக்கும்; 'ஜி'யைப் பைசல்ஃபைட் தொடாது. பிறவி 'டி' என்றால் எதிர் இழையில் 'ஏ' இருக்கும். எதிர் இழை வாசிப்புகளைப் பார்த்தால் போதும். இதைச் செய்யும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்த நிறுவனம் செய்யவில்லை. செய்யச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

அதைவிட உறுதியான வழி, ஒரே செடியின், ஒரே குழாயின் டி.என்.ஏ.வை இரண்டாகப் பிரிப்பது. ஒரு பாதி பைசல்ஃபைட்டுக்கு. மறு பாதி எந்த மாற்றமும் செய்யாமல் சாதாரண வரிசையாக்கத்துக்கு. இரண்டாவது பாதியிலிருந்து அந்தச் செடிக்கே உரிய ஓரெழுத்து மாற்றங்களை எடுத்து, மேற்கோளில் பொருத்திய பிறகு மெத்தில் கணக்கைத் தொடங்குங்கள். சந்தேகமான இடங்களை மறைத்துவிடுங்கள். நொதியால் மாற்றும் புதிய முறையிலும் குறியற்ற 'சி' கடைசியில் 'டி' என்றே வாசிக்கப்படுவதால் இந்த எச்சரிக்கை அதற்கும் பொருந்தும். நானோபோர் போன்ற நேரடி வாசிப்பில் 'டி'யும் குறியற்ற 'சி'யும் வேறுபட்டே தெரியும் என்றாலும், எந்த இடத்தில் தேடுவது என்ற பட்டியலை மேற்கோளிலிருந்து எடுத்தால் பழைய குழிதான்.

படத்தைப் பார்த்தே சந்தேகப்படவும் பழகலாம். ஒரு 'சி' மட்டும் தனியே ஒரு வகையில் பூச்சியம், மறு வகையில் ஏறக்குறைய நூறு என்று நிற்க, அதன் இருபுறமும் உள்ள 'சி'க்கள் எந்த வேறுபாடும் காட்டாமல் இருந்தால், நான் முதலில் எழுத்தைத்தான் சந்தேகப்படுவேன். மெய்யான வேறுபாடு பெரும்பாலும் அடுத்தடுத்த பல 'சி'க்களில் சேர்ந்து தெரியும்.

மாணவியின் தரவில் வடிகட்டியபின் நிற மரபணுவின் அருகில் எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சாததில் வியப்பும் இல்லை. கறுப்பு நெல்லின் நிறத்துக்கு, நிறமி உற்பத்தியை முடுக்கிவிடும் காலா4 என்ற மரபணுவின் முன்பகுதியில் (மரபணு எப்போது வேலை செய்யும் என்பதைக் கட்டுப்படுத்தும் பகுதி) டி.என்.ஏ. துண்டுகள் இடம் மாறியமைந்ததே அடிப்படை என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இலேயே காட்டிவிட்டார்கள். எழுத்து மாற்றம், அதுவும் பெரிய மாற்றம். அத்தியாயம் போயிற்று, உதவித்தொகையில் பெரும்பகுதி போயிற்று. மீண்டும் மாதிரி எடுக்க அடுத்த சம்பா வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு கண்மாய் நிறையாமல் அதுவும் தள்ளிப்போனது. மாதிரிக்கு ஒரு சாதாரண வரிசையாக்கம் சேர்த்துச் செய்திருந்தால், ஆன செலவோடு ஒப்பிடும்போது அது ஒரு பொருட்டே அல்ல. இதையெல்லாம் செய்யாமல் எழுதிய கட்டுரைகளை எனக்கு மதிப்பாய்வுக்கு அனுப்புகிறார்கள். முதல் கேள்வியாக இதைக் கேட்டு எழுதினால், 'எங்கள் துறையில் வழக்கமாகச் செய்யும் முறையையே பின்பற்றினோம்' என்று பதில் வருகிறது. வழக்கம் என்பதுதானே குற்றச்சாட்டு!

நிழலைப் பொருள் என்பது

சரி, எழுத்துப் பிழையை எல்லாம் நீக்கிவிட்டீர்கள். மெத்தில் வேறுபாடு மெய்யாகவே இருக்கிறது. அப்போதும் அது காரணம் என்று எழுத இன்னும் தூரம் போகவேண்டும்.

முலாம்பழத்தில் சில வகைகள் பெண்பூ மட்டுமே பூக்கும். அதற்குக் காரணமான மரபணுவின் முன்பகுதியில் மெத்தில் மிகுந்து, அது அடங்கிப்போயிருப்பதாக 2009-இல் கண்டறிந்தார்கள். ஆனால் அந்த மெத்தில் தானாக வந்தது அல்ல. அருகில் வந்து நுழைந்த ஒரு தாவும் கூற்றிலிருந்து பரவியது. துண்டு உள்ள செடியில் மெத்தில் உண்டு, இல்லாத செடியில் இல்லை. இங்கே மெத்தில் எழுத்தின் நிழல். தம் நெல் வகைகளிலும் அப்படி ஒரு நுழைவு இருக்கிறதா என்று பார்க்கிற மாணவர்கள் மிகக் குறைவு. டி.என்.ஏ.வைச் சிறு துண்டுகளாக வாசிக்கும் குறுகிய வாசிப்புகளில் அது எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. கலப்புச் சந்ததியில் மெத்திலும் அருகிலுள்ள எழுத்து மாற்றமும் எப்போதும் சேர்ந்தே போகின்றனவா என்று பார்த்தாக வேண்டும்.

எழுத்து ஒன்றாக இருக்க மெத்தில் மட்டும் மாறி இயல்பு மாறியதற்கு எனக்குப் பிடித்த சான்று எண்ணெய்ப் பனை. மலேசியாவில் (இந்த ஊர்ப் பெட்டிகளுக்கும் பத்திரங்களுக்கும் மலாயா புதிதல்ல) திசு வளர்ப்பில் உண்டாக்கிய நகல் மரங்களில் சில, பழம் கோணி எண்ணெய் வற்றிப்போயின. ஒரே தாயின் நகல்கள், ஒரே எழுத்து. பூவுறுப்புகளைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவுக்குள் 'கர்மா' என்ற தாவும் கூறு இருக்கிறது. அதன் மெத்தில் கழன்ற மரங்கள்தான் கெட்டுப்போகின்றன என்று 2015-இல் தெரிய வந்தது. நகல்களை ஒப்பிட்டதால்தான் அந்த முடிவு நிற்கிறது.

தக்காளிக் கதை எச்சரிக்கையாக இருக்கட்டும். பழுக்காத ஒரு தக்காளிக்கு ஒரு மரபணுவின் முன்பகுதியில் ஏறிய மெத்திலே காரணம் என்று 2006-இல் வெளிவந்து பாடநூல்களில் இடம்பெற்றது. பின்னர் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் அந்த மரபணுவையே உடைத்துப் பார்த்தபோது பழம் சற்றுத் தாமதமாகப் பழுத்தது, அவ்வளவே. பழுக்கவே பழுக்காத பழைய செடியை அந்த ஒரு மரபணுவால் மட்டும் விளக்க முடியவில்லை.

மெத்தில் ஏறினால் மரபணு அணையும்

முன்பகுதியில் என்றால் பெரும்பாலும். மரபணுவின் உடலுக்குள் 'சிஜி'யில் மட்டும் என்றால், எப்போதும் வேலை செய்துகொண்டிருக்கும் மரபணுக்களில்தான் அதை அதிகம் காண்கிறோம். எங்கே ஏறியது என்று சொல்லாமல் 'மெத்தில் கூடியது' என்று எழுதும் வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

பைசல்ஃபைட் மாற்றம் முழுமையடைந்ததா என்று பாராமல் இருப்பது

பசுங்கணிகத்தின் டி.என்.ஏ.வில் மெத்தில் கிட்டத்தட்ட இல்லை. அங்கே 'சி' மிஞ்சினால் குற்றம் உங்கள் பைசல்ஃபைட்டில்.

ஒரே செடியை மூன்று முறை வாசித்து மூன்று மாதிரி என்பது

அது ஒன்றுதான்.

'வறட்சி நினைவு' என்ற மோகம்

மானாவாரி மண் இது. புழுதியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்க்கும் பூமியில், தாய்ச்செடி பட்ட வறட்சியை மெத்தில் குறி சந்ததிக்குக் கடத்துகிறது என்ற தலைப்பு யாரையும் இழுக்கும். எனக்கும் அந்தக் கேள்வி பிடிக்கும். ஆனால் மாணவர்கள் செய்யும் சோதனை பெரும்பாலும் அந்தக் கேள்விக்கு விடை தருவதில்லை.

தண்ணீர் இல்லாமல் காய்ந்த தாய் சிறுத்த மணியைத் தரும். சிறுத்த மணியில் மாவுச்சத்து குறைவு. நாற்று மெலிந்து வரும். அந்த நாற்றின் வேறுபாட்டில் தாயின் சோற்றுப் பங்கு எவ்வளவு, மெத்திலின் பங்கு எவ்வளவு என்று முதல் சந்ததியில் பிரிக்க முடியாது. வறட்சி பட்ட மரபையும் படாத மரபையும் அதன் பிறகு ஒரே வயலில், ஒரே தண்ணீரில், குறைந்தது ஒரு தலைமுறை வளர்த்துவிட்டு, அந்த விதையில்தான் ஒப்பிடத் தொடங்க வேண்டும். அப்படி வளர்த்தால் பல வேறுபாடுகள் மறைந்துவிடுகின்றன.

எஞ்சுவதிலும் கவனம் வேண்டும். மெத்தில் குறி எந்த வறட்சியும் இல்லாமல் தானாகவே மாறும். அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில் 'சிஜி' இடம் ஒன்றில் ஒரு தலைமுறையில் குறி மாறும் வாய்ப்பு பத்தாயிரத்தில் சில. எழுத்து மாறும் வாய்ப்போ நூறு கோடியில் ஏழு என்ற அளவு. இரண்டுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கும்போது, வறட்சி பட்ட ஒரு செடியையும் படாத ஒரு செடியையும் ஒப்பிட்டால் வேறுபாடு கிடைத்தே தீரும். வறட்சி படாத சகோதரச் செடிகளுக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு என்பதை அளந்து, அதைவிடக் கூடுதலாக, ஒவ்வொரு வறட்சி மரபிலும் அதே இடத்தில், அதே திசையில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்குத் தனிச்செடி மரபுகள் பல வேண்டும், சில சம்பாக்கள் வேண்டும், நடுவில் கண்மாய் ஏமாற்றாமல் இருக்க வேண்டும். மூன்றாண்டு உதவித்தொகையில் அது நடக்காது என்று நெறியாளரிடம் முதல் மாதமே சொல்லிவிடுங்கள். ஒரே தலைமுறைக்குள், வறட்சியில் வேர்நுனியில் எந்த மரபணுக்களின் முன்பகுதியில் மெத்தில் மாறுகிறது, மீண்டும் தண்ணீர் விட்டால் அது திரும்புகிறதா என்று கேட்கலாம். அதற்குத் தொட்டிகளும், மழையை மறைக்க ஒரு கூரையும், ஒரு பருவமும் போதும்.